எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஐந்நூறு வருஷம்

மேற்கு மாம்பலம் என்றதும் சென்னைவாசிகளுக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயங்கள். ஒன்று கொசு. இன்னொன்றும் கொசுதான். ஆனால் சரித்திரப் புத்தகத்தில் எங்கள் பேட்டைக்கும் ஒரு ஓரமாக இடம் உண்டு ஸார். 'மார்மலாங்' என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சைனீஸ் ஹோட்டல் மெனுவில் நூடுல்ஸுக்குக் கீழே இருக்கும் ஐட்டம் அல்ல. மாம்பலம்தான் அது. வெள்ளைக்காரன் வாய்க்குள் மாம்பலமாகப் போய், வெளியே வரும்போது மார்மலாங் ஆகிவிட்டது.

சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் இருக்கிறதே, இன்றைய மறைமலை அடிகள் பாலம், அங்கே முன்பு நின்ற பழைய பாலத்துக்கு 'மார்மலாங் பிரிட்ஜ்' என்றுதான் பெயர். சைதாப்பேட்டைக்காரர்களுக்கு இதில் வருத்தம் இருக்கலாம். பாலம் அவர்களுடையது, பெயர் எங்களுடையது. கட்டியது 1726ல். கட்டியவர் வெள்ளைக்காரர்கூட இல்லை. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வியாபாரி. செலவு 30,000 பகோடா. வெங்காயப் பகோடா இல்லை, அந்தக் காலத்துத் தங்கக் காசு. நம்மவர்கள் வராகன் என்பார்கள். கட்டியதோடு விடாமல் பராமரிப்புக்கென்று 1,500 வராகன் தனியாக வேறு ஒதுக்கி வைத்தார் மனிதர்.

எதற்காக ஒரு வியாபாரி சொந்தக் காசைப் போட்டு ஆற்றுக்குப் பாலம் கட்ட வேண்டும்? மறு கரையில் சின்னமலை, அதைத் தாண்டினால் பரங்கிமலை. இரண்டிலும் தோமையார் கோயில். மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்டிப் போக முடியாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். அதற்குத்தான்.

இந்தக் கதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு 'லண்டன் ரிட்டர்ன்'. என் ஆபீஸ் நண்பன். லேக் வியூ ரோட்டில் வீடு. கம்பெனி செலவில் எட்டு மாதம் இங்கிலாந்தில் இருந்துவிட்டு வந்தான். மற்றவர்கள் சாக்லேட்டோடு வருவார்கள். இவன் மொபைல் நிறைய சர்ச் போட்டோக்களோடு வந்தான். சனி, ஞாயிறு லீவில் கிராமம் கிராமமாகப் போயிருக்கிறான். எண்ணூறு வருஷத்துக் கல் சுவர், பாசி பிடித்துச் சாய்ந்த கல்லறைகள், கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும், உள்ளே ஒரு ஈ காக்கா இருக்காது, மேஜை மேல் அந்த சர்ச்சின் சரித்திரம் ஒரு பக்கத் தாளில், பக்கத்தில் உண்டியல். காசு போட்டாயா என்று கேட்க ஆளில்லை. "போட்டியாடா?" என்று கேட்டேன். "மாம்பலத்துக்காரனை என்னன்னு நெனச்சே? போட்டேன்" என்றான்.

அங்கே இதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். சாமி கும்பிடாதவர்கள்கூட சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய சர்ச்சுகளைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஆள் வராமல் வழிபாடு நின்றுபோன 350க்கும் மேற்பட்ட தேவாலயங்களை, 1969ல் ஆரம்பித்த ஒரு அறக்கட்டளை ஓடு மாற்றி, ஒட்டடை அடித்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரி. கடைசியில் ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள்: "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கடா இருக்கு?"

மயிலாப்பூர் ஜாடைக்கு மாம்பலம் ரோஷம் குறைந்ததல்ல. "அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல ஆறரைக்கு மாம்பலம் ஸ்டேஷனுக்கு வா" என்றேன்.

விஷயம் இதுதான். கடற்கரையிலிருந்து தாம்பரம் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயின் ரூட்டை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். பரங்கிமலை, சைதாப்பேட்டை, எழும்பூர், கோட்டை, கடற்கரை. ஒவ்வொரு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலும் இருநூறு, முந்நூறு, ஐந்நூறு வருஷத்துக் கோயில் ஒன்று நிற்கிறது. சீசன் டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு இதற்காக இங்கிலாந்து போவானேன்?

முதலில் பரங்கிமலை. பரங்கிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரங்கியர் என்றால் போர்ச்சுகீசியர். 'அதெல்லாம் இல்லை, பிருங்கி முனிவர் தவம் செய்த பிருங்கி மலைதான் மருவிவிட்டது' என்று இன்னொரு கட்சியும் உண்டு. இரண்டு கட்சிக்கும் மலை ஒன்றுதான். உயரம் சுமார் 300 அடி. காரில் போக ரோடு இருக்கிறது. ஆனால் உஸ்கான் காசில் போட்ட படிக்கட்டில் ஏறுவதுதான் மரியாதை. பாதி வழியில் லண்டன் ரிட்டர்னுக்கு மூச்சு வாங்கியது. "இங்கிலாந்துல எல்லாம் தரை மட்டம்டா" என்றான்.

உச்சியில் 1523ல் போர்ச்சுகீசியர்கள் கட்டிய சின்னக் கோயில். இயேசுவின் சீடர் தோமையார் இந்த மலையில்தான் ஈட்டியால் குத்துப்பட்டு இறந்தார் என்பது நம்பிக்கை. 1547ல் இங்கே தோண்டும்போது ஒரு கற்சிலுவை கிடைத்தது. அது இப்போது பீடத்தில் பதிக்கப்பட்டிருக்கிறது. தோமையாரே செதுக்கியது என்று பக்தர்கள் சொல்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் எழுத்து பழைய பாரசீகத்தின் பாலவி எழுத்து, தோமையாருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். 1558 டிசம்பர் 18ம் தேதி பூசை நடக்கும்போது அந்தச் சிலுவையில் ரத்தம் போல வியர்த்தது, 1704 வரை பல முறை அப்படி நடந்தது என்றும் ஒரு மரபு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் பாரசீகத்துக் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரனுக்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே இந்தக் கரைக்கு வந்து போயிருக்கிறார்கள் என்பதற்கு அந்த எழுத்தே சாட்சி. என்னைக் கேட்டால், அதுவே போதுமான அதிசயம்.

வெளியே வந்தால் மீனம்பாக்கம் ரன்வே காலடியில் கிடக்கிறது. விமானம் இறங்குவதை மேலேயிருந்து பார்ப்பது தனி அனுபவம். மலை மேல் வில்லியம் லாம்டன் என்பவருக்கு ஒரு மார்பளவு சிலை. 1802 ஏப்ரலில் இந்த மலை அடிவாரத்தில்தான் அவர் சங்கிலியைப் பிடித்து நிலத்தை அளக்க ஆரம்பித்தார். சுமார் ஏழரை மைல் நேர்கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஆரம்பித்த சர்வேதான், அவர் காலத்துக்குப் பிறகு, எவரெஸ்டின் உயரத்தைக் கணக்குப் போடுகிற வரைக்கும் போனது. நம்ம ஊரில் ஒரு கிரவுண்டு மனையை அளக்க சர்வேயர் வருவதற்கே ஆறு மாதம் ஆகிறது.

திரும்பும் வழியில் சின்னமலை. சைதாப்பேட்டையில் இறங்கிப் பாலத்தைத் தாண்டி நடந்தால் வந்துவிடும். தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் குகை, அதையொட்டி 1551ல் போர்ச்சுகீசியர் எழுப்பிய சின்ன ஆலயம். 1971ல் கட்டிய வட்ட வடிவப் பெரிய கோயில்தான் ரோட்டிலிருந்து தெரியும். பெரும்பாலோர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கிறது.

இரண்டாவது ஞாயிறும் நான் சீக்கிரம் எழுந்து குளித்துக் கிளம்புவதைப் பார்த்து எங்கள் வீட்டில் விசாரணைக் கமிஷன் ஆரம்பித்துவிட்டது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன் எழுந்த சரித்திரம் எனக்குக் கிடையாது.

"எங்கடா கெளம்பிட்டே?"

"சர்ச்சுக்கும்மா."

அம்மா காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டாள்.

பெண்ணெல்லாம் இல்லை, 1516ம் வருஷத்துக் கட்டடம் என்று விளக்கியதில் அம்மாவுக்கு நிம்மதியா ஏமாற்றமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "கட்டடத்தைப் பாக்கறதுன்னா அயோத்யா மண்டபம் இல்லியா?" என்றதோடு கமிஷன் கலைந்தது.

1516 என்று சொன்னது லஸ் சர்ச்சை. லஸ் கார்னரில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், புத்தகம் வாங்குபவர்கள் யாரையாவது நிறுத்தி 'லஸ்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். போர்ச்சுகீசிய மொழியில் வெளிச்சம். நடுக்கடலில் புயலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகள் கரையில் ஒரு ஒளியைப் பார்த்தார்களாம். அதைப் பிடித்துக்கொண்டே கரையேறி, தொடர்ந்து நடந்தார்கள். ஒரு காட்டுக்குள் வந்ததும் ஒளி மறைந்துவிட்டது. அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில். அதனால் பிரகாச மாதா கோயில். ஊர் ஜனம் வைத்த பெயர் இன்னும் அழகு: காட்டுக் கோயில். இன்றைக்கு அங்கே காடு என்று சொன்னால் ரியல் எஸ்டேட்காரர்கள் சிரிப்பார்கள்.

கல்வெட்டில் 1516 என்று இருந்தாலும், கட்டடம் அவ்வளவு பழசா, கொஞ்சம் பிந்தியதா என்று சரித்திர ஆசிரியர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. எப்படிப் பார்த்தாலும் மெட்ராஸ் என்ற ஊரை விட இது மூத்தது. கம்பெனிக்காரர்கள் இங்கே நிலம் வாங்கியது 1639 ஆகஸ்ட் 22. கல்வெட்டை நம்பினால் அதற்கு 123 வருஷம் முன்பே இந்தக் கோயிலில் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. உள்ளே ரொம்பப் பெரிய இடமில்லை. வளைந்த கூரை, பீடத்தில் தங்க முலாம் வேலைப்பாடு. நாங்கள் போனபோது ஒரு பாட்டி மட்டும் மண்டியிட்டு மாதாவிடம் ஏதோ கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். நம் வீட்டுப் பாட்டி பிள்ளையாரிடம் கேட்கிற அதே குரல்.

பக்கத்து சாந்தோமுக்கும் போய் வந்தோம். தோமையாரின் கல்லறை மேல் எழுந்த கோயில். இப்போதைய வெள்ளைக் கட்டடம் 1896ல் வந்தது. இயேசுவின் நேரடிச் சீடர்களின் கல்லறை மேல் கட்டப்பட்டதென்று ரோம், ஸ்பெயினோடு சேர்த்து எண்ணப்படுகிற மூன்றில் ஒன்று. இது ஊரறிந்த இடம், நான் விவரிக்க வேண்டியதில்லை.

நான் விவரிக்க ஆசைப்படுவது எழும்பூர் கிணறுகளை.

எழும்பூர் ஸ்டேஷனை ஒட்டி, பூந்தமல்லி ஹை ரோட்டில் இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். ஸ்காட்லாந்துக்காரர்கள் சர்ச்சை 'கிர்க்' என்பார்கள். ஊசிக் கோபுரம் 160 அடிக்கு மேல். வெளியே நின்று பார்த்தால், "டேய், இதை நான் டிரஃபால்கர் சதுக்கத்துல பார்த்திருக்கேன்டா" என்றான் லண்டன் ரிட்டர்ன். தப்பில்லை. அங்கே இருக்கும் செயின்ட் மார்ட்டின் சர்ச்சின் சாயல்தான் இது. ஆனால் உள்ளே நுழைந்ததும் அவன் வாயடைத்துப்போனான். வட்டமான மண்டபம், 16 தூண்கள், அதன் மேல் 51 அடிக்கும் அதிகமான விட்டத்தில் ஒரு குவிமாடம், அதன் உட்புறம் முழுக்க ஆழ்ந்த நீலம். லண்டனில் இருப்பதில் இந்த வானம் கிடையாது.

கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலாண்ட். 1818ல் வேலை ஆரம்பித்தது, 1821ல் முடிந்தது. சிக்கல் என்னவென்றால் இடம் சதுப்பு. கூவம் பக்கத்தில். மண்ணைத் தோண்டினால் தண்ணீர் வருகிறது. இவ்வளவு கனமான கட்டடத்தை நிறுத்தினால் ஒரே மழையில் உட்கார்ந்துவிடும். டி ஹாவிலாண்ட் லண்டனுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கவில்லை. நம்ம ஊரில் கிணறு இறக்குகிறவர்கள் செய்கிற வேலையைப் பிடித்துக்கொண்டார். உறை இறக்குவது போல, வளைவான செங்கல்லும் சுட்ட மண்ணும் வைத்துச் சுமார் 150 கிணறுகளை இறக்கினார். 14 அடியிலிருந்து 50 அடி வரை, எங்கே கெட்டி மண் கிடைக்கிறதோ அதுவரைக்கும். அந்தக் கிணறுகளின் தலையில் உட்கார்ந்திருக்கிறது கிர்க். இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் சேர்த்து எத்தனை மழை பார்த்திருக்கும்!

தூண்களைத் தொட்டுப் பாருங்கள். சலவைக் கல் மாதிரி வழவழ. கல் இல்லை ஸார், சுண்ணாம்பு. 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் எல்லாம் வாய் பிளந்த சமாசாரம். கிளிஞ்சலைச் சுட்டு, நீற்று, அரைத்து, அதோடு முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் என்று ஒரு சமையல் லிஸ்டே சேர்த்து, பூசி, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதைத் தேய்த்த கைகள் நம்மவர்களுடையவை. டி ஹாவிலாண்ட் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கொத்தனார்கள் பெயர் எங்கேயும் இல்லை.

பழைய கோயில்களுக்கு இன்று பெரிய ஆபத்து இடிப்பது இல்லை. அழகுபடுத்துவது. இதில் இந்து, கிறிஸ்து வித்தியாசமே கிடையாது. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் நன்கொடை தருவார். உடனே சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு சிமென்ட், தரையில் பளபள டைல்ஸ், முன்னால் தகர ஷெட், அதன் மேல் நன்கொடையாளர் பெயர். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உதிரும். கிர்க் போன்ற இடங்களில் பழைய முறையிலேயே பழுது பார்க்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது, கும்பகோணத்துப் பக்கம் மணல் வீச்சு இயந்திரத்தால் சிற்பத்தின் மூக்கைத் தேய்த்தவர்களை ஒரு நடை இங்கே கூட்டி வரத் தோன்றுகிறது.

மூன்றாவது ஞாயிறு, கோட்டை. ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், வாசலில் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுகிறார்கள். அடையாள அட்டை எடுத்துக்கொண்டு போங்கள். தலைமைச் செயலகத்துக்குப் பின்னால், ராணுவக் கட்டடங்களுக்கு நடுவே செயின்ட் மேரீஸ் சர்ச். சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் ஆங்கிலிகன் தேவாலயங்களில் இதுதான் மிகப் பழையது. 1678 மார்ச் 25ல் ஆரம்பித்து, 1680 அக்டோபர் 28ல் திறந்தார்கள்.

ஆபீஸ்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. இதற்கு லண்டன் ஹெட் ஆபீஸ் காசு தரவில்லை. கவர்னர் ஸ்டிரெய்ன்ஷாம் மாஸ்டர் ஒரு சந்தா லிஸ்ட் போட்டார். கோட்டையில் வேலை பார்த்த மேலதிகாரி முதல் குமாஸ்தா வரை ஆளுக்கு இவ்வளவு என்று எழுதி, 805 வராகன் சேர்ந்தது. ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்கு நம் ஆபீஸில் ஒரு தாள் சுற்றி வருமே, அதே தாள்தான். கவர்னரே கையில் தாளோடு நின்றால் 'ஒண்ணாம் தேதி தரேன் ஸார்' என்று யார் சொல்ல முடியும்?

கட்டடத்தைப் பார்த்தால் கோயிலா, வெடிமருந்துக் கிடங்கா என்று சந்தேகம் வரும். சுவர் 4 அடி தடிமன். கூரை இரண்டடி தடிமனில் பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி வளைவு. குண்டு விழுந்தால் உருண்டு போகட்டும் என்று. அது வீண் போகவில்லை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, இரண்டு மாதத்துக்கு மேல் குண்டு மழை. சர்ச் நின்றது.

அந்த முற்றுகையில் இன்னொன்றும் நடந்தது. வெள்ளைக்காரர்களின் இடுகாடு அப்போது பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் பக்கம் இருந்தது. உயர உயரமான கல்லறைகள். பிரெஞ்சுக்காரர்கள் அதன் மறைவில் நின்று கோட்டையைச் சுட்டார்கள். சண்டை முடிந்ததும், இனி எதிரிக்கு மறைவிடம் கூடாது என்று கல்லறைகளை இடித்து, எழுத்துள்ள பலகைக் கற்களை மட்டும் கொண்டுவந்து சர்ச்சைச் சுற்றித் தரையில் பாவிவிட்டார்கள். இன்றைக்கும் அந்தக் கற்கள் மேல்தான் நடந்து உள்ளே போக வேண்டும். ஆங்கிலம், இலத்தீன், போர்ச்சுகீசியம், ஆர்மீனியம். மிகப் பழசு எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது, 1652.

லண்டன் ரிட்டர்ன் குனிந்து ஒவ்வொரு கல்லாக வயசைப் படித்துக்கொண்டே போனான். இருபது சொச்சம். முப்பதுக்குள். கைக்குழந்தை. மறுபடி இருபது சொச்சம்.

யார் இவர்கள்? நிறையப் பேர் நம்மைப் போல ஆபீஸில் பேனா பிடித்தவர்கள். கம்பெனியில் ஆரம்ப உத்தியோகத்துக்குப் பெயர் 'ரைட்டர்'. குமாஸ்தா. பதினாறு, பதினெட்டு வயசில் கப்பலேற்றிவிடுவார்கள். ராபர்ட் கிளைவ் அப்படித்தான் 1744ல் 18 வயசில் மெட்ராஸில் வந்து இறங்கினார். கப்பல் நடுவில் பிரேசிலில் மாட்டிக்கொண்டு ஒன்பது மாதம் கிடந்ததில், ஊரை விட்டுக் கிளம்பி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சம்பளம் வருஷத்துக்கு ஐந்து பவுண்டு. தெரிந்தவர்கள் யாருமில்லை. ஊரை விட்டு வந்ததிலிருந்து ஒரு நாள்கூட சந்தோஷமாக இருந்ததில்லை என்கிற ரீதியில் வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். துப்பாக்கியைத் தலையில் வைத்து இரண்டு தடவை சுட்டும் வெடிக்கவில்லை என்று ஒரு கதைகூட உண்டு. வெடித்திருந்தால் இந்தக் கற்களில் அவரும் ஒரு கல். வெடிக்காததால், 1753 பிப்ரவரி 18ல் இதே சர்ச்சில் மார்கரெட் மாஸ்கலினுக்கு மாலை மாற்றினார். அடுத்த சில வருஷங்களில் அவர் செய்ததற்கெல்லாம் நாம் இருநூறு வருஷம் வட்டி கட்டினோம்.

கல்யாணத்தை நடத்தி வைத்த பாதிரியார் யார் தெரியுமா? ஃபாப்ரிசியஸ். பைபிளைத் தமிழில் பெயர்த்தாரே, தமிழ் அகராதி போட்டாரே, அந்த ஜெர்மன்காரர்.

இந்த சர்ச்சில் நடந்த முதல் கல்யாணமும் ஒரு பழைய குமாஸ்தாவுடையதுதான். எலிஹு யேல், 1680 நவம்பர். 1672ல் ரைட்டராக வந்து, 1687ல் கவர்னர் ஆகி, சொந்த வியாபாரத்தில் ஏகமாய்ச் சம்பாதித்து, புகார் கிளம்பி, 1692ல் பதவி போனவர். அவர் காலத்தில் மெட்ராஸ் கரையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1718ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 417 புத்தகங்கள், ராஜா படம் ஒன்று, ஒன்பது பொதி சரக்கு அனுப்பிவைத்தார். சரக்கு 562 பவுண்டுக்கு விலை போனது. அந்தக் கல்லூரிதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அவருடைய மகன் டேவிட் குழந்தையாகவே இங்கே இறந்துபோனான். அவனைப் புதைத்த இடத்தில் நிற்கும் கூர்ங்கோபுரத்தை, மற்றக் கல்லறைகளை இடித்தபோதும், தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

நண்பனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டால் இந்த இடம் உங்களுக்குப் புரியாது. இங்கிலாந்தில் அவனுக்கு நிரந்தர வேலை தருவதாகக் கம்பெனியில் கடிதம் கொடுத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் அப்பா மட்டும்தான். ரெண்டு வருஷம் முன்னால் அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு சர்க்கரை, பி.பி. இரண்டும் உண்டு. சமையலுக்கு ஒரு மாமி வந்து போகிறார். 'நீ போடா, நான் பாத்துக்கறேன்' என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பாக்கள் வேறென்ன சொல்வார்கள்?

ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, "இவன் செத்த சேதி அவங்க வீட்டுக்குப் போய்ச் சேர ஆறு மாசம் ஆகியிருக்கும் இல்ல?" என்றான்.

"ஆகியிருக்கும்."

"அந்த ஆறு மாசமும் அவங்கம்மா லெட்டர் போட்டுண்டே இருந்திருப்பா."

ஓரமாகப் போய் போன் செய்தான். "அப்பா, மாத்திரை போட்டுண்டியா?" என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

நான்காவது ஞாயிறு கடற்கரை ஸ்டேஷன், பாரிமுனை, அரண்மனைக்காரத் தெரு. இங்கிலீஷில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட். அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை கூடுகிற கூட்டம் ஊருக்கே தெரியும். நாங்கள் போனது அதற்குப் பக்கத்தில் உள்ள ஆர்மீனியர் ஆலயத்துக்கு. முதலில் 1712ல் கட்டியது, இப்போதிருப்பது 1772ம் வருஷத்தியது. பெரிய மரக் கதவைத் தாண்டி நுழைந்ததும் பாரிமுனையின் ஹாரன் சத்தம் அப்படியே அறுந்துபோகிறது. நந்தியாவட்டை மாதிரி வெள்ளைப் பூக்கள் உதிர்ந்த முற்றம், வழியெல்லாம் கல்லறைக் கற்கள். இந்த ஊரில் ஆர்மீனியர்கள் என்று ஒரு சமூகமே இன்று இல்லை. கும்பிட ஆளில்லாத கோயில். ஆனாலும் கூட்டிப் பெருக்கி, விளக்கித் துடைத்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக் கிராமத்து சர்ச்சுக்கு நம்ம ஊரில் ஜோடி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். காலையில் போவது உத்தமம்.

இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை எங்கே வந்தது? ஆர்மீனியாவில் இல்லை. மெட்ராஸில்! 1794ல். பெயர் 'அஸ்தரார்'. நடத்தியவர் இவர்தான். தாய்நாட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, மிஞ்சிப்போனால் சில நூறு பேர் படிக்கக்கூடிய ஒரு மொழியில் பத்திரிகை நடத்தியிருக்கிறார் என்றால், விளம்பரம் யார் கொடுத்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

மணிக்கூண்டில் ஆறு மணிகள். ஒவ்வொன்றும் சுமார் 150 கிலோ. இரண்டு மணிகள் லண்டனில் வார்க்கப்பட்டவை, தாமஸ் மியர்ஸ் என்று பெயர் பொறித்திருக்கிறது. இன்னொன்றில் 1754 என்று ஆர்மீனிய எழுத்து. அதே மணியில், 1808ல் அதை மறுபடி உருக்கி வார்த்ததைச் சொல்லும் தமிழ் எழுத்து. ஆர்மீனியர் கோயில் மணியில் தமிழ்! ஆர்மீனியர்கள் போய்விட்டார்கள், மணியில் தமிழ் இருக்கிறது.

மார்மலாங் பாலம் கட்டிய உஸ்கானின் கல்லறை இங்கே இருக்கும் என்று நண்பன் தேடினான். இங்கே இல்லை, வேப்பேரியில் இருக்கிறது என்றேன். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தபோது, எங்கள் பக்கம் வந்து பாண்டிச்சேரியில் குடியேறினால் உன் சொத்தைத் திருப்பித் தருகிறோம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். மாட்டேன் என்றுவிட்டார். சொத்து போயிற்று. 1751ல் இங்கேயே இறந்தார். வேப்பேரியில் அவர் கட்டிய மாதா கோயில் வளாகத்திலேயே அடக்கம். கிளைவுக்குக் கல்யாணம் செய்துவைத்த ஃபாப்ரிசியஸின் மிஷனுக்குத்தான் பிறகு அந்தக் கோயில் போனது. இன்று அந்த இடத்தில் செயின்ட் மத்தியாஸ் சர்ச் இருக்கிறது. உஸ்கானின் உடம்பு அங்கே. இதயத்தை மட்டும் தனியாக எடுத்து, தங்கப் பெட்டியில் வைத்து, பாரசீகத்தில் அவர் பிறந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லுகிறார்கள். அவரே உயிலில் அப்படி எழுதி வைத்திருந்தாராம்.

நண்பன் மணிக்கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பெட்டியைக் கையில வாங்கிண்டது யாரா இருக்கும்?" என்று கேட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "சரி வா, பதினொண்ணரை ட்ரெயினைப் பிடிக்கணும். இன்னிக்கு மாமி லீவு. அப்பாவுக்கு நான்தான் ரசம் வைக்கணும்" என்று கேட்டைப் பார்த்து நடந்தான்.